முப்பத்தாறு வைத்து நாற்பத்தாறு சொன்னது

கூடுதல் வாக்குமூலம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டே கால் மணிக்குச் சாட்சி யாரும் அழைக்காமல் தானாக நிலையத்துக்கு வந்து சொல்ல, நிலைய எழுத்தர் பதிவு செய்தது.

பெயர், தகப்பனார் பெயர்: செவ்வாய்க்கிழமை பதிவான முதல் வாக்குமூலத்தில் உள்ளபடி. வயது: நாற்பத்து நான்கு. தொழில்: நீச்சல் பயிற்சியாளர். விலாசம்: நீச்சல் மிஷின் உள்ள கட்டடத்தின் மேல்மாடி.

நான் மேற்படி விலாசத்தில் என் வீட்டுக்காரருடன் பதினோரு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். கீழ்த்தளத்தில் நாங்கள் இருவரும் ஒரு நீச்சல் மிஷின் நடத்தி வருகிறோம். மிஷின் என்று நாங்கள் சொல்வது ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு தொட்டியை. அதன் ஒரு முனையில் மோட்டார் இருக்கிறது. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடும். நீந்துகிறவர் அதை எதிர்த்து நீந்துவார், ஆனால் இருந்த இடத்திலேயே இருப்பார். தொட்டியின் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்திருக்கிறது, தன் கை எங்கே விழுகிறது என்று அவரே அதில் பார்த்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு, அதற்கு வெளியே நின்று நான் பார்ப்பேன், தப்பு செய்தால் தட்டுவேன். சாதாரண நீச்சல் குளத்தில் ஆள் போய்க்கொண்டே இருப்பார், பயிற்சியாளர் கரையோடு ஓட வேண்டும். இங்கே ஆள் எங்கேயும் போவதில்லை, அதனால் ஒவ்வொரு குறையாகப் பிடித்துத் திருத்தலாம். ஒருவருக்கு அரை மணி நேரம், அது முடிந்ததும் நான் மோட்டாரை நிறுத்தி அடுத்தவரை இறக்குவேன். மோட்டாரும் குழாயும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. நீந்துகிறவரின் கையும் காலும் மூச்சும் என் பொறுப்பு.

தண்ணீரின் வேகத்தைக் காட்டும் பலகை ஜன்னலுக்கு வெளியே, என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. அதில் முப்பது என்று காட்டினால் தண்ணீர் நிமிடத்துக்கு முப்பது மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். அதற்கு ஈடுகொடுத்து நிற்பவரைக் கொண்டுபோய் ஏரியில் விட்டால் அவர் நிமிடத்துக்கு முப்பது மீட்டர் போவார். இதெல்லாம் எதற்கு, நடந்ததைச் சொல்லுங்கள் என்று எழுத்தர் கேட்டார். நடந்தது முழுவதும் இந்தப் பலகையில்தான் நடந்தது என்று சொன்னேன். அதன் பிறகு அவர் எழுதிக்கொண்டார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறந்துபோன பல் டாக்டரம்மா, அதற்கு ஒன்பது வாரம் முன்பு எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. நீந்தத் தெரியும், ஆனால் பாதி சக்தி தண்ணீரைப் போட்டு அடிப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடம் நோயாளியின் வலப்பக்கம் நின்று குனிந்து வேலை செய்தவர் என்பதால் கழுத்து ஒரு பக்கம்தான் திரும்பும், இடது பக்கம் மூச்செடுக்க வரவே வராது. தண்ணீருக்குள் மூச்சை விடவும் மாட்டார், உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு தலையைத் தூக்கி மொத்தமாக விடுவார். தலையைத் தூக்கினால் கால் முங்கும், கால் முங்கினால் உடம்பு பின்னால் போகும். ஜன்னல் கண்ணாடியைத் தட்டித் தட்டி எனக்கு விரல் வீங்கிவிட்டது. ஒரு நாள் அவர் நிறுத்தச் சொல்லி, தலையை வெளியே நீட்டி, "நாள் பூரா அடுத்தவங்களை வாயைத் திறங்க வாயைத் திறங்கன்னு உயிரை வாங்கறேன், தண்ணிக்குள்ள என் வாயே திறக்க மாட்டேங்குது பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். அன்று முதல் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எனக்கு எல்லோரையும் லேசில் பிடித்துவிடாது, அதனால் இதைச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது முதல் வாக்குமூலத்தில் இல்லாதது. பழைய நீச்சலை உடைத்துப் புதியதைப் பழக்கும்போது முதல் சில வாரம் யாராக இருந்தாலும் வேகம் குறையும். அதுவரை தப்பும் தவறுமாக நாற்பது போனவர், சரியாக நீந்தத் தொடங்கியதும் முப்பதில் நிற்பார். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. காசும் கொடுத்து நேரமும் கொடுத்து இருந்ததையும் இழந்துவிட்டோமே என்று முகம் தொங்கிப்போய் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவார்கள். அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். பலகையில் முப்பது வைத்துவிட்டு வாயால் நாற்பது என்று சொல்வேன். எப்போதும் பத்துதான் கூட்டுவேன். புது நீச்சல் உடம்பில் ஏறியதும் வேகம் தானாகக் கூடும், அப்போது பலகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போய், சொல்லும் எண்ணை அங்கேயே நிறுத்திவிடுவேன். மூன்று மாதத்தில் வைப்பதும் சொல்வதும் ஒன்றாகிவிடும். ஆறு வருடமாக நூறு பேருக்கு மேல் இப்படிச் செய்திருக்கிறேன், அதில் பாதிப் பேராவது இன்றைக்கு நன்றாக நீந்துகிறார்கள் என்றால் அது இந்தப் பத்தினால்தான். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வரப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உளறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு நோட்டில் வைத்தது, சொன்னது என்று இரண்டு கட்டம் போட்டுத் தினமும் எழுதி வந்தேன். அந்த நோட்டை இப்போது ஒப்படைக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் இந்த வழி பலிக்கவில்லை. அவர் வாரத்தில் நான்கு நாள் வருவார், வந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஏத்தலாமா?" என்று கேட்பார். அவர் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பலகையையும் ஏற்றினேன், சொல்வதையும் ஏற்றினேன். நடுவில் இருந்த பத்து பத்தாகவே நின்றது. ஒன்பதாவது வாரம் பலகையில் முப்பத்தாறு வைத்து அவரிடம் நாற்பத்தாறு என்று சொன்னேன். அதற்குள் அவர் நீச்சல் பார்க்க அத்தனை அழகாக ஆகியிருந்தது, இரண்டு பக்கமும் மூச்செடுத்தார், கால் மேலேயே நின்றது, கை கண்ணாடியில் பார்த்த கோட்டை விட்டு விலகவில்லை. அழகாக நீந்தினார், ஆனால் வேகமாக நீந்தவில்லை. அந்த வயதில் அப்படித்தான் இருக்கும், அதில் குறையும் இல்லை. ஆனால் வேகமாகவும் நீந்துகிறார் என்று அவரை நான் நம்ப வைத்துவிட்டேன்.

அதன் பிறகு, இறப்பதற்கு முந்தின வாரம் ஒரு நாள், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவர் என்னிடம், "இருபத்தஞ்சு வருஷமா ஒரே நாற்காலியைச் சுத்திச் சுத்தி நிக்கறேன். இங்க வந்தாலும் நின்ன எடத்துலயே நீந்தறேன். ஒரு கரைல எறங்கி இன்னொரு கரைல ஏறணும்னு இருக்கு. ஏரியைத் தாண்டிடுவேனா?" என்று கேட்டார். நான் அடுத்தவருக்கு மிஷினைத் தயார் செய்துகொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏரி என்ன டாக்டரம்மா, கடலே உங்களுக்குப் பத்தாது" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஏரியில் நீந்தும்படி நீங்கள் யோசனை சொன்னீர்களா என்று செவ்வாய்க்கிழமை கேட்டபோது இல்லை என்று சொன்னேன். யோசனை சொல்லவில்லைதான். இதைச் சொன்னேன்.

அதன் பிறகு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டாக்டரம்மாவின் கணவர் எனக்குப் போன் செய்தார். அவர் நில அளவை செய்யும் சர்வேயர், அதிகம் பேச மாட்டார், பேசினால் அளந்துதான் பேசுவார் என்று டாக்டரம்மாவே கிண்டல் செய்வது வழக்கம். அவர் என்னிடம், "நாளைக்கு ஒரு சின்ன விஷயம் வச்சிருக்கோம், அதுக்காகக் கேக்கறேன். நிமிஷத்துக்கு நாப்பத்தாறு மீட்டர், அரை மணி நேரம், நடுவுல நிக்காம. அவ சொன்னா. அது சரிதானே?" என்று கேட்டார். அப்போது தொட்டியில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். அவரும் எங்களிடம் ஏழு வாரமாகப் பழகுகிறவர், அவருக்கும் நான் பத்து கூட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் வந்ததால் மோட்டாரை நிறுத்தியிருந்தேன், அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு டீச்சருக்குக் காது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் போனில் உண்மையைச் சொன்னால் அது அவருக்கும் சொன்னதாகிவிடும். அதனால், "ஆமா சார், நாப்பத்தாறுதான்" என்று சொன்னேன். அவர் தேங்க்ஸ் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாளைக்கு என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. போனை வைத்ததும் எனக்குள் சுருக்கென்றது. வேலை முடிந்ததும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு இன்னும் மூன்று பேருக்குப் பயிற்சி இருந்தது, பிறகு வடிகட்டி அடைத்துக்கொண்டது, பிறகு சமைத்தேன், சாப்பிட்டேன். கூப்பிடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது நான் கண்ணால் பார்த்ததல்ல. ஆறரை மணிக்கு டாக்டரம்மா ஏரியின் ஒரு கரையில் இறங்கினார் என்றும், சர்வேயர் எதிர்க்கரையில் தன் அளவைக் கருவியை மூன்று கால் ஸ்டாண்டில் வைத்து அதன் கண் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றும், கூடப் படகு போகவில்லை என்றும், சர்வேயருக்கு நீந்தத் தெரியாது என்றும், அவர் ஓடிப்போய் மீன்பிடிக்கிறவர் ஒருவரின் படகைக் கொண்டுவந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். சர்வேயரின் சட்டைப் பையில் இருந்த காகிதத்தை இந்த நிலையத்தில் எனக்குக் காட்டினார்கள். அதில் ஏரியின் அகலம் 1240 மீட்டர், வேகம் 46, தேவை 27 நிமிடம், பழகியது 30 நிமிடம், கையிருப்பு 3 நிமிடம் என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அந்த 46 எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனே எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. டாக்டரம்மா எத்தனை வாரம் வந்தார், அவருக்கு ஏதாவது நோய் உண்டா, ஏரியில் நீந்த நான் சொன்னேனா என்று மூன்று கேள்விதான் கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டரம்மாவின் தம்பி தன் அக்கா வீட்டுக்காரர் மீது புகார் கொடுத்திருப்பது அன்றே எனக்குத் தெரியும். நிலைய வாசலில் வைத்து அவர் என்னிடமே, "பொண்டாட்டிக்கு எத்தனை நிமிஷம் ஆகும்னு காகிதத்துல எழுதி வச்சிட்டு, படகு இல்லாம எதிர்க்கரைல போய் நிக்கற மனுஷனை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அவர், "கேட்டா சொல்லு. கேக்காததை நீயா போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? போனவங்க வரப்போறாங்களா? நாளைக்கே இந்த இடத்தை இழுத்து மூடச் சொல்வாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த மிஷினை அவர் தன் கையால் ஒவ்வொரு குழாயாகப் பொருத்தியவர்.

அதன் பிறகு நேற்று வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சர்வேயர் எங்கள் கூடத்துக்கு வந்தார். சவரம் செய்யவில்லை, சட்டைப் பொத்தான் மேலும் கீழுமாகப் போட்டிருந்தார். அடக்கம் முடிந்ததிலிருந்து மூன்று தடவை ஏரியை அளந்துவிட்டேன் என்றார். இரண்டு கரையிலிருந்தும் அளந்திருக்கிறார், தன் கருவியில் கோளாறு இருக்குமோ என்று நண்பர் ஒருவரின் கருவியை வாங்கியும் அளந்திருக்கிறார். "மூணு தடவையும் ஆயிரத்து இருநூத்து நாப்பதுதான் வருது மேடம். எங்க தப்பு பண்ணினேன்னே தெரியல. என் அளவுதான் தப்புன்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். ஆனா எங்க தப்புன்னு எனக்குத் தெரியணும் இல்லையா?" என்றார்.

அதன் பிறகு அவர் தயங்கித் தயங்கி, மிஷின் தப்பாகக் காட்ட வாய்ப்பு உண்டா என்று கேட்டார். கேட்டது என் வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. மிஷினைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அவர் உள்ளே போய் ஒரு தக்கையை எடுத்துவந்து, "சார், மாசா மாசம் நானே சோதிச்சுப் பாக்கறேன். உங்க கண் முன்னால காட்டறேன், நீங்களே நேரம் பாருங்க" என்று சொல்லி, பலகையில் நாற்பத்தாறு வைத்து மோட்டாரைப் போட்டுத் தக்கையை விட்டார். சர்வேயர் தொட்டியின் ஓரத்தில் நான்கு மீட்டர் அளந்து இரண்டு குறி வைத்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து தடவை தக்கையை விடச் சொன்னார். பத்து தடவையும் சரியாக இருந்தது. சர்வேயர் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "மிஷின் சரி. அப்போ நான்தான்" என்றார்.

நான் அப்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தாறில் தண்ணீர் அடிக்கிற அடியே வேறு. டாக்டரம்மா ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் நின்றதில்லை. இறங்கியிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் பின்னால் கட்டியிருக்கும் வலையில் போய் விழுந்திருப்பார். என் வீட்டுக்காரரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் காட்டி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது, என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சர்வேயர் எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் நன்றி சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலை என் வீட்டுக்காரரே மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, "போய்ட்டு வா" என்றார். அதன் பிறகு நான் இப்போது பயிற்சியில் இருக்கும் ஏழு பேருக்கும் போன் செய்து ஒவ்வொருவரின் உண்மையான எண்ணையும் சொன்னேன். இருவர் திட்டினார்கள், ஒருவர் பாதியில் போனை வைத்துவிட்டார். கடைசியாகப் பாட்டு டீச்சரிடம் சொன்னேன். அவர், "எனக்கு ரெண்டாவது வாரத்துலயே தெரியும்மா. நீங்க ஏத்திட்டேன்னு சொல்வீங்க, மோட்டார் சத்தத்துல சுருதி ஏறவே ஏறாது. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க, நாம ஏன் உங்களைக் காட்டிக்கொடுக்கணும்னு சும்மா இருந்தேன்" என்றார். அப்படியானால் அந்தச் சனிக்கிழமை யாருடைய காதுக்குப் பயந்து நான் போனில் உண்மையைச் சொல்லாமல் விட்டேனோ அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு பத்து மணிக்குச் சர்வேயரின் வீட்டுக்குப் போனேன். கீழே டாக்டரம்மாவின் கிளினிக், மேலே வீடு. கிளினிக்கின் கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலில் நிலையத்துக்குத்தான் போயிருக்க வேண்டும், ஆனால் ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்து அவர் இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பத்து கூட்டியது, போனில் ஆமாம் என்றது, நேற்று தக்கையை விடும்போது வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அளவில் தப்பே இல்லை, ஏரியும் சரி, மிஷினும் சரி, என் வாய்தான் தப்பு என்று சொன்னேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர், "அப்போ நெஜமா எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தாறு என்றேன். மருந்துச் சீட்டு எழுதும் காகிதம் ஒன்றை எடுத்துப் பென்சிலால் வகுத்துப் பார்த்தார். முப்பத்து நான்கரை நிமிடம் வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சொன்னார்: "இருபத்தேழு நிமிஷம் ஆனப்ப அவ எனக்கு இருநூத்தம்பது, இருநூத்தெழுபது மீட்டர் தள்ளி இருந்தா. கருவியில பாத்துட்டிருந்தேன். நல்லாத்தான் வந்துட்டிருந்தா. நான்தான், என்னடா இது, நேரம் ஆகியும் வரலையே, மெதுவாயிட்டாளேன்னு பயந்துட்டேன். பாறை மேல ஏறி ரெண்டு கையையும் ஆட்டி, சீக்கிரம் வா, நேரம் ஆயிடுச்சு, சீக்கிரம் வான்னு கத்தினேன். அவ பாத்துட்டா. பாத்துட்டு வேகமா அடிக்க ஆரம்பிச்சா. தலையைத் தூக்கித் தூக்கி அடிச்சா. அப்புறம் நாலு நிமிஷம் கூடத் தாங்கல."

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றார். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னிடம், "நீங்க தொழில் தெரிஞ்சவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் கத்தாம இருந்திருந்தா அவ வந்திருப்பாளா?" என்று கேட்டார்.

நான், "வந்திருக்க மாட்டாங்க சார். முப்பது நிமிஷத்துக்கு மேல அவங்களால முடியாது. நீங்க கத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். அவர் இரண்டு தடவை தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் தொண்டையில் தண்ணீர் இறங்குகிறது என்றார். நான் அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

இதுவரை சொன்னதை எழுத்தர் வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருக்கும்போது, மேலே கடைசியாக நான் சர்வேயரிடம் சொன்னதாக உள்ள பதிலையும் திருத்த வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பதில் பொய். முப்பது நிமிடம் ஆனதும் மோட்டாரை நிறுத்தியது எப்போதும் நான்தான், அடுத்தவர் காத்திருப்பார் என்பதற்காக நிறுத்தினேன். டாக்டரம்மா ஒரு நாளும் தானாக நிறுத்தியதில்லை, போதும் என்று சொன்னதில்லை, ஏறி வரும்போது மூச்சு வாங்கியதுகூட இல்லை. எத்தனை தூரம் அவரால் முடியும் என்று நாங்கள் பார்த்ததே கிடையாது. கையை அவசரப்படுத்தாமல், சொல்லிக்கொடுத்தபடியே, முப்பத்தாறிலேயே அவரை விட்டிருந்தால் இன்னும் ஏழு எட்டு நிமிடத்தில் அந்தக் கரையில் ஏறியிருப்பார். என் இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஏறியிருப்பார். சர்வேயர் கத்தியதற்குக் காரணம் என் நாற்பத்தாறு என்பதையும் இதோடு சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

இந்த வாக்குமூலத்தின் நகல் யாருக்கெல்லாம் போகும் என்று கேட்டேன். புகார் கொடுத்தவருக்கும் இறந்தவரின் கணவருக்கும் போகும் என்று எழுத்தர் சொன்னார். கணவருக்குப் போகும் நகலில் மட்டும் கடைசிப் பகுதி இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். பிறகு அவர் பேனாவை நிறுத்திவிட்டு, இன்னும் கையெழுத்து ஆகவில்லை, வேண்டுமானால் அந்தப் பகுதியை அடித்துவிடலாம், அது உங்கள் அபிப்பிராயம்தானே, அவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று சொன்னார். அடிக்க வேண்டாம் என்று சொன்னேன்.

மேலே எழுதியிருப்பது அனைத்தும் என் வாயால் நான் சொன்னது. வாசிக்கக் கேட்டேன். இதில் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. எல்லாம் உண்மை.

சாட்சியின் கையொப்பம்
பகல் இரண்டு மணி பத்து நிமிடம்